முகத்துவாரம் வெட்டுமுன் கடலடியை அளக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பத்திரிகைகளில் தொழில் வழிகாட்டிக் கட்டுரைகள் வரத் தொடங்கும். வைத்தியம், பொறியியல், கணக்கியல், கணினி எல்லாம் வரும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக வாழும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்குக் கடலடிச் சூழலியல் என்றொரு தொழில் இருக்கிறதென்று சொல்வார் அரிது. சொன்னாலும், முருகைக்கல் எனும் பவளப்பாறைக்கு மேல் ஒருவர் நீந்தும் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் படம் வேலையில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் சேறு, அரிதட்டு, போத்தல், நுணுக்குக்காட்டி, கணக்கு.

இந்தத் தொழில் விடை தேடுவது ஒரு கேள்விக்கு. மனிதர் செய்த ஒரு காரியத்தால் கடலடி மாறியதா? மாறியிருந்தால் எவ்வளவு, அதற்குக் காரணம் அந்தக் காரியம்தானா, அல்லது வாடைக்கால அலையும் கடற்சூடுமா? காரியம் நடக்குமுன் அளந்து வைத்த எண் இல்லையென்றால் இதற்கு எவராலும் விடை சொல்ல முடியாது. நம் இரு மாவட்டங்களிலும் குறைவது அந்த எண்தான்.

மாரி பெருத்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல்கள் தாழும்போது வருடா வருடம் எழும் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாவி கடலோடு சேரும் வாயை மணல் அடைத்திருக்கும் பாலமீன்மடு முகத்துவாரத்தையும் பெரியகல்லாற்று முகத்துவாரத்தையும் எப்போது வெட்டுவது? வெட்டாவிட்டால் வேளாண்மை அழுகிவிடும் என்பது ஒரு பக்கம். வெட்டினால் வாவி மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முகத்துவாரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அடியில் என்ன இருந்தது, வெட்டிய பிறகு என்ன மிஞ்சியது என்று எழுதிய தாள் அந்தக் கூட்டங்களின் மேசைக்கு வருவதில்லை.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் திறந்துவிடுவது சிறு வாய்க்கால்தான். வாவி நீர்மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்பதால், பாயும் தண்ணீர் தானே மணலை அரித்து அதைச் சில மணித்தியாலங்களில் அகலமாக்கிவிடும். பல மாதம் அடியில் படிந்து கிடந்த மென்சேறும் அதனோடு வெளியேறும். நன்னீர் பாரம் குறைந்தது; ஆகவே கடலில் மேலே பரவும், கீழே உப்புநீர் அப்படியே இருக்கும். பிறகு வெள்ளம் தணிந்து வற்றுப்பெருக்குத் திரும்பும்போது, உப்புநீர் அடியோடு ஊர்ந்து வாவிக்குள் நுழையும். மேல்நீரை மட்டும் ஒரு வாளியில் மொண்டு உப்பு பார்ப்பவர் இரண்டு நேரமும் பிழையான முடிவுக்கே வருவார். அடியில் வாழும் மட்டிக்கும் புழுவுக்கும் படுவது அடிநீர்தான். தக்கை போட்ட போத்தலைப் பாரம் கட்டி இறக்கி, அடியைத் தொட ஒரு முழம் இருக்கும்போது தக்கையில் கட்டிய கயிற்றைச் சுண்டினால் அடிநீர் கிடைத்துவிடும். உப்பளவிக் கருவியை ஒவ்வொரு காலையும் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குத் திருத்திக்கொள்ள வேண்டும். திறந்த கடலில் ஆயிரத்துக்கு 35 பங்கு அளவில் நிற்கும் உப்பு, வெள்ள நேரத்தில் வாவி மேல்நீரில் பூச்சியத்தை நெருங்கலாம். மட்டி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் தாங்கும். அதற்கு மேல் எத்தனை நாள் நீடித்தது என்பதே சாவையும் பிழைப்பையும் தீர்மானிக்கிறது. அதனால் ஒருமுறை அளப்பது போதாது. வெட்டுமுன் ஒன்று, வெட்டிய பின் கிழமைக்கு ஒன்றாகச் சில கிழமைகள் அளக்க வேண்டும்.

சேற்றை எடுக்கும் கருவி, இரு தாடை உள்ள இரும்புக் கவ்வி. உலகெங்கும் பழக்கத்திலுள்ளது வான் வீன் என்ற வகை. ஒரு கடிக்கு 0.1 சதுர மீற்றர் அடியைக் கவ்வும். வெறும் இரும்பே 30 கிலோவுக்கு மேல். சேறு நிறைந்தால் இன்னும் 20 கிலோ ஏறும். நம் ஊர் ஃபைபர் படகின் ஓரத்தில் நின்று கையால் இழுத்தால் படகு சரியும். அந்தப் படகுக்கு 0.025 சதுர மீற்றர் கவ்வியே பொருத்தம். அதற்கேற்பக் கடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. அலையில் படகு தாழும்போது கயிறு தளர்ந்து, அடியைத் தொடுமுன்னே தாடை பூட்டிக்கொள்ளும். ஊரியோ கல்லோ தாடைக்கிடையில் அகப்பட்டால் மேலே வருமுன் பாதி மண் ஒழுகிவிடும். இறுகிய மணலில் கவ்வி மேற்பரப்பைச் சுரண்டுவதோடு நின்றுவிடும். வாய் முழுதாக மூடாததையும், 5 சென்ரிமீற்றர் ஆழம் கடிக்காததையும் கடலிலேயே கொட்டிவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். "பரவாயில்லை, இதையும் வைப்பம்" என்று வைத்த மாதிரி பின்னால் முழுக் கணக்கையும் கெடுக்கும்.

எடுத்த சேற்றை 0.5 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கடல்நீரால் அலச வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் புழுக்கள் துண்டு துண்டாகும். தலை எண்ணித்தான் புழு எண்ணுவது, தலை போனால் கணக்கும் போயிற்று. சிலர் 1 மில்லிமீற்றர் அரிதட்டு பாவிக்கிறார்கள். வேலை சுருக்கமாகும், ஆனால் வெப்பக் கடலின் அடிவாழ் உயிர்களில் சிறியவை அதிகம், அவை கழுவிப் போய்விடும். எதைப் பாவித்தாலும் பத்து வருடமும் அதையே பாவிக்க வேண்டும். அரிதட்டு மாறினால் முந்திய வருடத்தோடு ஒப்பிட முடியாது.

மிஞ்சியதைப் போத்தலில் போட்டு, அழுகாமல் காக்கக் கடையில் வாங்கும் போமலின் 1 பங்குக்குக் கடல்நீர் 9 பங்கு கலந்து ஊற்ற வேண்டும். போமலின் நாளடைவில் புளிப்பேறி மெல்லிய சிப்பி ஓடுகளைக் கரைத்துவிடும், ஆகவே கொஞ்சம் போறாக்ஸ் சேர்ப்பது கட்டாயம். இரண்டு மூன்று நாளுக்குப் பின் நன்றாகக் கழுவி 70 சதவீத மதுசாரத்துக்கு மாற்றலாம். போமலின் புற்றுநோய் தரும் இரசாயனம். காற்றோட்டமில்லாத அறையில் அந்தப் போத்தலைத் திறக்கக்கூடாது. இன்னொன்று, சிறியதாகத் தோன்றினாலும் ஆய்வுகூட அலுமாரிகளை வீணாக்குவது: பெயர்ச்சீட்டு. பேனை மை மதுசாரத்தில் கரையும். தடித்த ட்ரேசிங் தாளில் பென்சிலால் இடம், திகதி, ஆழம், கடி இலக்கம் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயும் ஒன்று போட வேண்டும். வெளியே ஒட்டியது மட்டும் என்றால் ஒரு மாரிக்குள் உரிந்துவிடும். பிறகு அது வெறும் சேற்றுப் போத்தல்.

ஜி.பி.எஸ். எண்ணிலும் இதே மாதிரியான ஆபத்து. 7 பாகை 43.5 கலை என்பது தசமத்தில் 7.725 பாகை. அதை அவசரத்தில் 7.435 என்று பதிந்தால், மட்டக்களப்பு நகருக்கு நேரே எடுத்த மண் 32 கிலோமீற்றர் தெற்கே கல்முனைக்குக் கிட்டப் போய்விடும். அறிக்கை எழுதுபவர் கொழும்பில் இருந்தால் அவருக்கு இது பிடிபடாது. ஊரறிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். உள்ளூர்ப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே எடுப்பது என்பதில்தான் பெரும்பாலான அறிக்கைகள் தோற்கின்றன. நங்கூரம் போட்ட ஒரே இடத்தில் 5 கடி எடுத்தால் அது ஓரிடம்தான், ஐந்திடமாகாது. காரியம் நடக்கும் இடத்தோடு, அதே ஆழமும் அதே மண்ணும் உள்ள, அந்தக் காரியத்தின் பாதிப்பு எட்டாத ஒப்பீட்டு இடங்கள் குறைந்தது இரண்டு வேண்டும். இரண்டு வகை இடத்திலும் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். காரியம் நடந்த இடத்தில் மட்டும் குறைந்து ஒப்பீட்டு இடத்தில் குறையாமலிருந்தால் காரணத்தை அதன்மேல் சுமத்தலாம். இரண்டிலும் குறைந்தால் பழி வாடைக்கோ கடற்சூட்டுக்கோ போகும். பாசிக்குடாவில் இது கண்ணுக்கே தெரியும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது முருகைக்கற்கள் வெளிறின. அப்படி வெளிறும்போது பாசிக்குடா, அதற்கு வடக்கேயுள்ள காயங்கேணி என்று இடம் பார்த்து வெளிறாது. ஆனால் நங்கூரத்தில் உடைந்த கிளையும், ஆட்கள் மிதித்து நொறுங்கிய கல்லும் படகும் குளிப்போரும் கூடும் பக்கத்தில்தான் குவியும். இரண்டிடத்தையும் ஒரே முறையில் அளப்பவரால் சூட்டையும் நங்கூரத்தையும் பிரித்துச் சொல்ல முடியும்.

முருகைக்கல்லில் கவ்வி போடுவதில்லை. 100 மீற்றர் நாடாவை ஒரே ஆழத்தில் விரித்து, ஒவ்வொரு அரை மீற்றரிலும் நாடாவுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எழுத வேண்டும்: உயிருள்ள கல், வெளிறிய கல், செத்துப் பாசி பிடித்தது, நொறுங்கல், மணல். 20 மீற்றர் துண்டுகள் நான்கு, இடையில் 5 மீற்றர் இடைவெளி. ஆக 160 புள்ளி. வெளிறியதைச் செத்ததென்று எழுதுவதுதான் புதியவர் விடும் வழமையான பிழை. வெளிறிய கல்லில் தசை இன்னும் கண்ணாடிபோல் மூடியிருக்கும். சூடு தணிந்தால் பிழைக்கலாம். செத்ததில் சில கிழமைக்குள் பாசி ஏறிவிடும். நங்கூரச் சேதத்தை எண்ணாகக் காட்டுவதும் கடினமில்லை. அடியில் கிடக்கும் சங்கிலி 10 மீற்றர் என்றால், காற்றுத் திரும்பத் திரும்ப அது துடைக்கக்கூடிய வட்டம் 314 சதுர மீற்றர். கிளைவிடும் இனங்கள் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வரை வளரும், திரும்பி வரலாம். உருண்டைக் கற்கள் வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. இடுப்புயரக் கல் ஒன்று உடைந்தால் அதன் வயதை வாசகர்களே கணக்குப் பார்க்கலாம். நிரந்தர மிதவைகளை மணற்பரப்பில் நங்கூரமிட்டுச் சுற்றுலாப் படகுகளை அவற்றில் கட்டச் சொல்வது இதற்கு மலிவான பரிகாரம். காயங்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வரைபடத்தில் போட்ட கோட்டை நங்கூரம் அறியாது, மிதவை போட்டால்தான் அறியும்.

எல்லா வலையையும் ஒரே கண்ணால் பார்ப்பதும் பிழை. படகு கடலடியோடு இழுத்துச் செல்லும் இழுவைமடி அடியைக் கிளறும். உலகின் பல கடல்களிலிருந்து தரவு திரட்டி 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, பலகை கட்டிய இழுவைமடி ஒருமுறை போனால் சராசரி 2.4 சென்ரிமீற்றர் ஆழம் கிளறி, அடிவாழ் உயிர்களில் 6 சதவீதத்தை அகற்றுகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடியைத் தோண்டும் இயந்திர வாரிகள் 16.1 சென்ரிமீற்றர் வரை இறங்கி 41 சதவீதத்தை அகற்றுகின்றன. பாதியாகக் குறைந்த உயிர்த்தொகை 95 சதவீதத்துக்கு மீள 1.9 முதல் 6.4 வருடம் வரை செல்லும். அதே 2017இல்தான் இலங்கை கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடைசெய்தது. வெடி வைப்பதும் நஞ்சு போடுவதும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். கரையில் நின்று இழுக்கும் கரைவலை வேறு. அது ஓடும் கரையோர மணலை அலை தினமும் புரட்டுகிறது. அங்கு வாழ்பவை புரளப் பழகியவை. அதே வலையைக் கடற்புல்லின் மேலோ கல்லோரமாகவோ இழுத்தால் நியாயம் மாறும். எங்கே மணல், எங்கே கல் என்று கரைவலைக் குழுத் தலைவர்களான தண்டயல்மார் அறிவார்கள். வலை எங்கெங்கே கொழுவும் என்று கேட்டு எழுதினாலே அடிவரைபடத்தில் பாதி முடிந்துவிடும்.

வாவிக்குள் கடற்புல்லுக்கு எதிரி பெரும்பாலும் கலங்கல். கடற்புல்லுக்கு மேற்பரப்பு ஒளியில் சராசரியாக 11 சதவீதமாவது வேண்டும். கறுப்பு வெள்ளை பூசிய, 20 அல்லது 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் போதும். அந்த ஆழத்தை ஏறத்தாழ 1.3ஆல் பெருக்க வருவது கடற்புல் பிழைக்கும் எல்லை. தட்டு 1 மீற்றரில் மறைந்தால் 1.3 மீற்றர் வரை புல் நிற்கும். அரை மீற்றரில் மறைந்தால் 65 சென்ரிமீற்றருக்குக் கீழே எதுவும் நிலைக்காது. வெயில் நேரத்தில், படகின் நிழல் பக்கமாக, கறுப்புக் கண்ணாடி கழற்றிப் பார்க்க வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. வாவிக்கரைப் பாடசாலைகளே மாதம் ஒருமுறை செய்யலாம்.

மீன் கூடு, நண்டுப் பண்ணை போடும் இடங்களில் பார்க்க வேண்டியது வேறு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் குத்தி, மேல்வாயை அடைத்து இழுங்கள். மேலே கபில நிறப் படை, கீழே கறுப்பு. கபிலம் ஒட்சிசன் எட்டும் ஆழம். அது 3, 4 சென்ரிமீற்றராக இருந்த இடத்தில் சில மில்லிமீற்றராகச் சுருங்கி, கூழ்முட்டை மணமும் வந்தால், தீன் மிச்சமும் கழிவும் மண்ணால் செரிக்க முடியாத அளவு விழுகின்றன. மேலே பஞ்சுபோல் வெள்ளைப் படலம் கண்டால் நிலைமை முற்றிவிட்டது. கூட்டை நகர்த்த வேண்டும்.

அம்பாறைக்கு வந்தால் ஒலுவில். 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதாங்கி, கரையோரம் வடக்கே நகரும் மணலை மறித்தது. வாயில் மணல் குவிந்தது, வடக்கே கரை அரிந்தது. தென்னையும் காணியும் போனதை எல்லோரும் கண்டார்கள். தோண்டி எடுத்த மணலால் அடியில் என்ன புதைந்தது, தோண்டிய குழியில் என்ன படிந்தது என்பது அலைக்குக் கீழே நடந்ததால் பேச்சில் வரவில்லை. 2020 செப்ரெம்பரில் சங்கமன்கண்டிக்கு நேரே நியூ டயமன்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது இன்னொரு பாடம். நட்டஈடு கேட்டால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, விபத்துக்கு முதல்நாள் அங்கே என்ன இருந்தது என்பதைத்தான்.

பெரிய திட்டங்களுக்கு முன் எழுதப்படும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலைநாள் வைக்கப்படும். நம்மவர்கள் அதைப் போய்ப் பார்ப்பது குறைவு. பார்ப்பவர் கடலடி பற்றிய அத்தியாயத்தில், எத்தனை இடம், இடத்துக்கு எத்தனை கடி, எந்த அரிதட்டு, ஒப்பீட்டு இடம் எது, வாடைக்கு முன்னும் பின்னும் எடுத்தார்களா என்று தேட வேண்டும். இனப்பெயர்ப் பட்டியல் நீளமாகவும் எண்ணிக்கை அட்டவணை இல்லாமலும் இருந்தால் எழுத்து மூலம் கேள்வி கேளுங்கள். அமைதியான சித்திரை மாதக் கிழமை ஒன்றில் எடுத்த மாதிரி, வருடம் முழுவதற்கும் சாட்சி சொல்லாது.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைக்கு உயர்தர உயிரியல் வழி. பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, தென்கிழக்கின் சம்மாந்துறைப் பீடத்திலோ விலங்கியல். அல்லது ருகுணவில் கடற்றொழில் விஞ்ஞானம். பட்டத்தைவிடத் தட்டுப்பாடானது இரண்டு திறன்: புள்ளிவிபரவியலும், புழுவையும் சிப்பியையும் குடும்ப மட்டத்திலாவது பிரித்தறியும் கண்ணும். பாதிப்பைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் குடும்ப மட்டமே போதும், இனம் வரை போகத் தேவையில்லை. சுழியோடல் மூன்றாவது, 18 மீற்றர் வரைக்குமான அடிப்படைச் சான்றிதழோடு தொடங்கலாம். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றரைத் தாண்டாமல், 5 மீற்றரில் 3 நிமிடம் நின்று வருவதைப் பழக்கமாக்காதவரைப் படகில் ஏற்றக்கூடாது. வேலைவாய்ப்பு, நாரா எனும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், பல்கலைக்கழகங்கள், மதிப்பீட்டுக் கம்பனிகள் என்று சிதறிக் கிடக்கிறது. திட்டம் முடிய வேலையும் முடியும் என்பதுதான் பெற்றோர் பயம். அது நியாயமான பயம்.

அந்தப் பயத்தை நீக்க நிரந்தர வேலை ஒன்று வேண்டும். எங்கள் யோசனை: பாலமீன்மடு, பெரியகல்லாறு முகத்துவாரங்களின் உள்ளும் வெளியும், ஒலுவிலின் வடக்கும் தெற்கும், ஒப்பீட்டுக்குக் கிரான்குளத்துக்கும் திருக்கோவிலுக்கும் நேரே என எட்டு இடம். வருடத்துக்கு இருமுறை, இடத்துக்கு 5 மாதிரி. ஆக 80 போத்தல். பாசிக்குடாவிலும் காயங்கேணியிலும் நாடா. ஒரு போத்தலைப் பிரித்தெண்ண ஒருவருக்கு ஒன்றிரண்டு நாள் செல்லும், ஆகவே 80 முதல் 160 ஆள்நாள். செலவு படகிலல்ல, மேசையில்தான். பத்துக்கு ஒரு போத்தலை இன்னொருவர் திரும்ப எண்ணிச் சரிபார்க்க வேண்டும். இரு பல்கலைக்கழகங்களும் ஒரு மேசையையும் இரண்டு ஆய்வுகூட உதவியாளர் பதவிகளையும் பகிர்ந்துகொண்டால் போதும். படகுக்கு மீனவர் சங்கங்களோடு நாள்வாடகை பேசலாம். எண்களை இரு மாவட்டச் செயலகங்களிலும் (கச்சேரிகளிலும்) எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். முதற்சுற்று புரட்டாதி முடியுமுன், இரண்டாவது மாசியில் கடல் அடங்கியதும். இந்த வருடம் முகத்துவாரம் வெட்டும் கூட்டத்துக்கு முதற்சுற்றின் போத்தல்கள் எண்ணி முடியாவிட்டாலும், அடிநீர் உப்பும் கலங்கல் அளவும் அன்றே மேசைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
கடலடி வாழிட ஆய்வில் பணிபுரிவோர் சிலர்,
மட்டக்களப்பு.